பழவேற்காட்டு மரமும் பழைய மோட்டார் வண்டியும்



இன்று நான் பேச வந்திருப்பது படகுகளைப் பற்றி. ஆயினும் பேச்சை ஒரு மோட்டார் வண்டியிலிருந்து தொடங்க உத்தரவு வேண்டுகிறேன்.

1964ஆம் ஆண்டு வரிசையில் அமெரிக்காவின் பான்ட்டியாக் நிறுவனம் 'ஜி.டி.ஓ.' என்றொரு வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நடுத்தரக் குடும்பத்து வண்டியின் உடலுக்குள், பெரிய வண்டிக்கென்று செய்த இயந்திரத்தைத் தூக்கி வைத்துவிட்டார்கள், விஷயம் அவ்வளவுதான். அந்த இயந்திரத்தின் கொள்ளளவு 389 கன அங்குலம். நம்முடைய கணக்கில் சற்றேறக்குறைய 6,400 கன சென்டிமீட்டர். சக்தி 325 குதிரை. அதே காலத்தில் நம் ஊர்த் தெருக்களில் ராஜநடை போட்ட அம்பாசிடர் வண்டியின் இயந்திரம் 1,489 கன சென்டிமீட்டர். சக்தி ஐம்பது குதிரையை ஒட்டியது. வித்தியாசம் விளங்குகிறது அல்லவா? இந்த ஜாதி வண்டிகளுக்கு அமெரிக்கர்கள் 'மஸில் கார்' என்று பெயரிட்டார்கள். புஜபல வண்டி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அவற்றின் ஆட்சி பத்து ஆண்டுகள்கூட நீடிக்கவில்லை. காற்றை மாசுபடுத்துவதற்கு எதிரான சட்டம் 1970இல் வந்தது. காப்புறுதிக் கட்டணம் ஏறிற்று. 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. புஜபலம் அடங்கிவிட்டது.

அடங்கிய பிறகுதான் அவற்றுக்கு மதிப்பு வந்தது என்பது வேடிக்கை. 'புல்லிட்' என்ற திரைப்படத்தில் ஓடிய, 1968ஆம் ஆண்டு மஸ்டாங் வண்டி ஒன்றை, 1974இல் ஒரு குடும்பத்தார் 6,000 டாலர் கொடுத்து வாங்கினார்கள். சாதாரணக் குடும்ப வண்டியாகவே சில வருஷங்கள் ஓட்டினார்கள். 2020 ஜனவரியில் அது ஏலத்தில், கட்டணங்களும் சேர்ந்து, 37 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. அதன் வண்ணம் மங்கியிருந்தது. படப்பிடிப்புக் கருவியைப் பொருத்துவதற்காகச் செய்த வெட்டும் ஒட்டும் அப்படியே இருந்தன. யாரும் அவற்றைச் சீர் செய்யவில்லை. சீர் செய்திருந்தால் விலை குறைந்திருக்கும்!

பழைய வண்டிச் சந்தையின் தர்மம் அதுதான். இயந்திரத்தில் பொறித்த எண் வண்டியின் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். வண்ணம் தொழிற்சாலையில் பூசியதாக இருக்க வேண்டும். வாலிப வயதில் ஆசைப்பட்டு வேறு இயந்திரம் மாட்டி, மூடியை வெட்டி, சக்கரத்தை அகலமாக்கியவன், முதுமையில் விற்கப்போகும்போது கையைப் பிசைந்துகொள்கிறான். விதிவிலக்கு இல்லாமல் இல்லை. தேர்ந்த கைவேலையோடு மாற்றிய வண்டிகளுக்கும் இப்போது தனிச் சந்தை உண்டாகியிருக்கிறது. நம் நாட்டிலும் 2021இல் ஒரு விதி வந்தது. ஐம்பது வயதைக் கடந்த, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத, ஆதி உருவத்தில் காப்பாற்றிய வண்டியைப் புராதன வண்டியாகப் பதிவு செய்துகொள்ளலாம். அதன் எண்ணில் 'வி.ஏ.' என்ற இரண்டு எழுத்துகள் சேரும். ஆனால் அதை வைத்து வாடகைத் தொழில் செய்யக் கூடாது. தினசரி ஓட்டவும் கூடாது. அதாவது, உழைப்பதை நிறுத்தினால் கௌரவம் கிடைக்கும்.

இந்த நியாயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, என்னோடு பழவேற்காட்டுக்கு வாருங்கள்.

சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் தூரம். ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உப்பங்கழி இதுவே. பரப்பு சுமார் 450 சதுர கிலோமீட்டர் என்பார்கள். மழைக்காலத்தில் பெருகியும் கோடையில் சுருங்கியும் போகிற நீரை நான்கு எல்லைக்குள் அடக்கிக் கணக்குச் சொல்வது கடினம். அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில். தென்கோடி மட்டும் தமிழ்நாட்டில். ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல் உள்ளே வந்து போகிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு ஒரு நீண்ட கரைபோல் கிடக்கிறது. 1971 அக்டோபரில் முதல் ராக்கெட் அங்கிருந்துதான் மேலே போயிற்று. அதற்கு வெகு காலம் முன்பே, 1613இல், டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டிச் சோழமண்டலக் கரை முழுவதற்கும் அதையே தலைமை இடமாக வைத்திருந்தார்கள். கோட்டை இடிந்துவிட்டது; அவர்களுடைய கல்லறைகள் இருக்கின்றன. ஊருக்கு வரும் பிரயாணிகள் அந்தக் கல்லறைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கரையில் கிடக்கும் கலங்களைப் பார்ப்பவர்கள் குறைவு.

ஏரியின் சராசரி ஆழம் ஓர் ஆள் இடுப்பளவுதான்; ஒரு மீட்டரை ஒட்டியது. ஆகவே ஏரிக்குள் ஓடுவதற்குத் தட்டையான பலகைத் தோணிகள் போதும். கழியை ஊன்றித் தள்ளலாம். காற்று இருந்தால் பாய் விரிக்கலாம். கடலுக்குப் போவதற்கு வேறு கலம் வேண்டும். அலைகள் கரையில் வந்து முறிந்து விழும் இடத்தைக் கடப்பது லேசான காரியம் அல்ல. உள்ளே குழிவுள்ள படகில் தண்ணீர் ஏறினால் கவிழ்ந்துவிடும். தண்ணீர் ஏறினாலும் ஏறிய வழியே இறங்கிப்போகும் கலம் ஒன்று இருந்தால்? அதுதான் கட்டுமரம்.

கட்டுமரத்தைப் பற்றி நாம் எல்லோரும் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். ஆனால் அதன் அமைப்பில் எத்தனை புத்தி செலவாகியிருக்கிறது என்பதை நின்று பார்த்தவர்கள் சிலரே. எடை குறைந்த மரத்தைத் தேர்ந்து, நெடுக்கே சீவி, நடுவில் நீண்டதும் இரு பக்கத்திலும் அதைவிடக் குட்டையானதுமாக அடுக்கி, முன்னும் பின்னும் குறுக்குக் கட்டை கொடுத்துக் கயிற்றால் இறுக்குகிறார்கள். ஆணி கிடையாது. அலை அடிக்கும்போது மரங்கள் ஒன்றோடொன்று சற்றே நெகிழ்ந்து கொடுக்கின்றன. ஆணி அறைந்திருந்தால் பிளந்திருக்கும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே வெயிலில் காயப் போடுவார்கள். இலகுவான மரம் நீரைக் குடிக்கும். குடித்த மரம் கனக்கும். மறுநாள் அதை இழுத்துக்கொண்டு போக முடியாது. தினந்தோறும் பிரித்து, தினந்தோறும் சேர்க்கும் கலம் உலகத்தில் வேறு எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

மீனவர்கள் இதைக் கட்டுமரம் என்றுகூட முழுப் பெயரால் அழைப்பதில்லை. 'மரம்' என்றாலே போதும். 'மரம் கரைக்கு வந்துவிட்டதா?' என்பார்கள். 1697இல் வெளியான தம் பிரயாண நூலில் ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் இந்தப் பெயரைக் குறிப்பிடுகிறார். அங்கிருந்து அது எப்படியோ உருண்டு போய், இன்று இரட்டை உடல் கொண்ட பந்தயப் படகுகளுக்கெல்லாம் 'கேட்டமரான்' என்ற பெயராகிவிட்டது. அந்தப் படகுகளின் வம்சம் பசிபிக் தீவுகளைச் சேர்ந்தது. பெயர் மட்டும் நம்முடையது! சென்னை ராஜதானியின் மீன்துறையில் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்பவர் இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி 1920இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். நம்முடைய கட்டுமரத்தை விஞ்ஞானக் கண்ணோடு பார்த்த முன்னோடிகளில் அவர் ஒருவர்.

சரி, மாற்றம் எப்படி வந்தது? முதலில் மரம் கிடைப்பது அரிதாயிற்று. காடுகள் குறைந்தன, விலை ஏறிற்று, சில வருஷங்கள் உழைத்ததும் நீரில் ஊறிப்போகிற மரத்துக்கு அத்தனை பணம் போடுவது கஷ்டமாயிற்று. 1979இல் ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய நிறுவனம் சென்னையைத் தலைமையகமாகக் கொண்டு வங்காள விரிகுடாத் திட்டம் என்ற ஒன்றைத் தொடங்கியது. மணற்கரையிலேயே இறங்கி ஏறக்கூடிய கண்ணாடி இழைப் படகுகளை அதன் நிபுணர்கள் வரைந்தார்கள். கரையை நெருங்கும்போது இயந்திரத்தின் விசிறியை மேலே தூக்கிக்கொள்ளும் ஏற்பாட்டையும் சோதித்துப் பார்த்தார்கள். அதே காலத்தை ஒட்டி மீனவர்கள் தாங்களாகவும் பரிசோதனை செய்தார்கள். கட்டுமரத்தின் பின்பக்கத்தில் பலகை வைத்து, அதில் இயந்திரத்தை மாட்டினார்கள். பெரிய இயந்திரத்தைச் சிறிய உடலில் வைப்பது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய ஆசை அல்ல என்பதைக் கவனியுங்கள். ஆனால் ஒரு பேதம் உண்டு. பான்ட்டியாக் வண்டியில் 325 குதிரை சக்தியை வைத்தது வேகத்தின் மோகத்தால். இங்கே எட்டு, பத்துக் குதிரை சக்தியை வைத்தது, காற்று நின்றுபோன பிற்பகலில் துடுப்புப் போட்டுத் தோள் ஓய்ந்ததால்.

பிறகு 2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை தமிழ்க் கரை நெடுகக் கலங்களை உடைத்தது. பழவேற்காட்டுக் குப்பங்களும் தப்பவில்லை. நிவாரணமாக அரசாங்கமும் தொண்டு நிறுவனங்களும் கொடுத்தவற்றில் பெரும்பாலானவை கண்ணாடி இழைப் படகுகள். இருபது, முப்பது வருஷங்களில் மெல்ல நடந்திருக்கக்கூடிய மாறுதல் ஓரிரண்டு வருஷங்களில் முடிந்துவிட்டது. மரம் வைத்திருந்தவன் 'ஃபைபர்' வைத்திருப்பவன் ஆனான். கூலிக்குத் துடுப்புப் போட்டவர்களிலும் சிலர் சொந்தக்காரர் ஆனார்கள். அது நல்லதே. ஆனால் கடலில் கலங்கள் கூடின, மீன் கூடவில்லை.

இன்றைய ஃபைபர் படகின் பின்புறத்தைப் பாருங்கள். ஒரு டீசல் இயந்திரம். அதிலிருந்து நீண்ட வால்போல ஓர் இரும்புத் தண்டு. தண்டின் நுனியில் விசிறி. ஆழம் குறைந்த இடத்திலும் அலை முறியும் இடத்திலும் தண்டை அப்படியே வெளியே தூக்கிவிடலாம். இடுப்பளவு ஆழமுள்ள ஏரியைத் தாண்டிக் கடலுக்குப் போக வேண்டிய ஊருக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு கிடைப்பது அரிது. சத்தம் மட்டும் காதைத் துளைக்கும். அந்த இயந்திரங்கள் படகுக்கென்று தவமிருந்து பிறந்தவையும் அல்ல. கிணற்றில் தண்ணீர் இறைப்பதற்கும் வயல் வேலைக்கும் ஓடுகிற ஜாதி இயந்திரங்களின் உறவினர்கள்தாம். கரையில் ஒரு வேப்ப மரத்தடியில் அதைப் பிரித்துப் போட்டுச் சரி செய்கிற வாலிபனுக்குத் தொழிற்கல்விச் சான்றிதழ் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இயந்திரம் ஓடும்.

ஒருமுறை அங்கே ஒரு பெரியவரிடம், 'ஐயா, இந்தப் படகு என்ன விலை பெறும்?' என்று கேட்டேன்.

அவர் வலையின் கண்ணியைத் தைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, 'வாங்கக் கேக்குறீங்களா சார், விக்கக் கேக்குறீங்களா?' என்றார்.

'இரண்டுக்கும் விலை வேறா?'

'ரெண்டு இல்ல, மூணு. வாங்குற விலை கடன்ல இருக்கு. விக்கிற விலை இன்சின்ல இருக்கு. கடல்ல போயிட்டா ஒரு விலை போடுவாங்க. அது ஆபீஸ்ல இருக்கு' என்றார் அவர்.

பொருளாதாரம் படிக்கும் மாணவர்கள் இந்த மூன்றையும் சற்று யோசிக்க வேண்டும்.

முதலாவது கடன். படகும் வலையும் இயந்திரமும் சேர்த்து வாங்கக் கையில் ரொக்கம் வைத்திருப்பவர் கரையில் சிலரே. மீன் வியாபாரி முன்பணம் கொடுக்கிறார். அதற்கு வட்டி என்று பெயர் சொல்லி வாங்குவதில்லை. பிடித்த மீனை அவரிடமே கொடுக்க வேண்டும்; அவர் சொல்லும் விலைக்குக் கொடுக்க வேண்டும். சந்தை விலைக்கும் அவர் விலைக்கும் உள்ள இடைவெளிதான் வட்டி. படகின்மேல் பெயர் மீனவருடையது. மீனின்மேல் அதிகாரம் வேறொருவருடையது. சொந்தம் என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் இருக்கிறது.

இரண்டாவது இயந்திரம். கட்டுமர காலத்தில் பங்கு பிரிப்பது எளிது. ஆட்களுக்கு இத்தனை, மரத்துக்கு இத்தனை, வலைக்கு இத்தனை. மரத்துக்கு ஒரு பங்கு என்று பேசுகிற இந்த வழக்கமே எனக்கு அழகாகத் தோன்றும். கலமும் ஒரு கூலிக்காரன்போலக் கூட்டத்தில் உட்கார்ந்து தன் பங்கைப் பெறுகிறது. இயந்திரம் வந்ததும் கணக்கு மாறிற்று. முதலில் எண்ணெய்ச் செலவைக் கழிக்க வேண்டும். மிச்சத்தில் இயந்திரத்துக்கும் பங்கு. விகிதம் ஊருக்கு ஊர் வேறு. ஆனால் போக்கு ஒன்றே. தோளுக்குப் போன பங்கில் ஒரு பகுதி இயந்திரத்துக்குப் போயிற்று. இயந்திரத்தின் பங்கு இயந்திரத்தின் சொந்தக்காரருக்குப் போயிற்று. மீன் படாத நாளில் ஆள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவான். எண்ணெய் மட்டும் தன் விலையை வாங்கிக்கொண்டுதான் எரிந்திருக்கும். அதனால் ஒரு மாற்றத்தை வெறும் இரும்பு வேலை என்று நான் கருதுவதில்லை. பின்புறத்தில் நாலு திருகாணி முடுக்கினால் வீடுகளில் அடுப்பின் கணக்கு மாறுகிறது.

மூன்றாவது, ஆபீஸ் விலை. புயலிலோ பேரலையிலோ கலம் போய்விட்டால் அதிகாரிகள் ஒரு பட்டியலோடு வருகிறார்கள். கட்டுமரம், வள்ளம், ஃபைபர். பகுதிச் சேதம், முழுச் சேதம். பட்டியல் இல்லாமல் ஆயிரக்கணக்கான பேருக்கு உதவி வழங்க முடியாதுதான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் பழைய மரம் என்றால் குறைந்த மதிப்பு. அமெரிக்க ஏலக்காரன் பழமைக்குப் பணம் கூட்டுகிறான். இங்கே பழமைக்குக் கழிக்கிறார்கள். இரண்டும் அவரவர் நியாயத்தில் சரியே. அங்கே வண்டி ஓட வேண்டியதில்லை. இங்கே நாளை காலை கலம் கடலுக்குப் போயாக வேண்டும்.

இவை மூன்றிலும் அடங்காத நான்காவது சொத்து ஒன்று பழவேற்காட்டில் உண்டு. அதற்குப் 'பாடு' என்று பெயர். ஏரியின் முகத்துவாரத்தை அடுத்து, இறால் நிறைய ஓடிவரும் சில இடங்கள் இருக்கின்றன. அங்கே எல்லோரும் ஒரே நாளில் வலை கட்டினால் சண்டைதான் மிஞ்சும். ஆகவே கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் முறை வைத்து, சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று இடத்தைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் தலைமுறைகளாக இருந்து வருகிறது. உன் படகில் எத்தனை குதிரை சக்தி என்று பாடு கேட்பதில்லை. பெரிய இயந்திரம் உள்ளவருக்கு முந்திய முறை கிடையாது. இந்த உரிமையைச் சந்தையில் விற்கவும் முடியாது. ஊரில் ஒருவராக இருந்தால்தான் உண்டு.

இதை நான் வெறும் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. முறைக்குள் இருப்பவருக்கு அது நீதி. வெளியே இருப்பவருக்கு அது மூடிய கதவு. பாட்டில் இடம் இல்லாத மீனவர்கள் தங்களுக்கும் உரிமை வேண்டும் என்று கேட்டு வழக்காடியதும் மோதியதும் உண்டு. கலமும் வலையும் இல்லாமல், தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் பழங்குடிப் பெண்கள் இருக்கிறார்கள்; அவர்களுடைய சொத்து இடுப்பில் கட்டிய கூடை ஒன்றுதான். இயந்திரங்கள் ஆழமற்ற நீரைக் கலக்கிக்கொண்டு ஓடும்போது அவர்கள் எங்கே நின்று தடவுவது என்பதை எந்தப் பங்குக் கணக்கும் சொல்வதில்லை.

கண்ணாடி இழையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அது நீரைக் குடிக்காது. மரத்தைத் துளைத்துத் தின்னும் கடற்புழு அதை அண்டாது. உடைந்தால் இழைப் பாயைப் பரப்பிப் பிசினை ஊற்றி ஒரே நாளில் ஒட்டுப் போட்டுவிடலாம். இத்தனை சௌகரியத்தோடு ஒரு தொல்லையும் வந்திருக்கிறது. கட்டுமரம் ஊறி வீணானால் கடைசியில் அடுப்பெரிக்க உதவும். வீணான ஃபைபர் படகை எரித்தால் நச்சுப் புகை, புதைத்தால் மக்காது. கரையோரம் கவிழ்ந்து கிடக்கும் பழைய படகுகளின் கூட்டம் வருஷத்துக்கு வருஷம் பெருகுகிறது. ஐம்பது வருஷம் கழித்து அவற்றையும் புராதனப் பொருளாகக் கருதி யாரேனும் ஏலம் கேட்பார்களா என்று எனக்குச் சந்தேகமே.

கட்டுமரத்தைக் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். வைக்கலாம். ஆனால் பேழையில் இருக்கும் மரத்தைத் தினமும் அவிழ்த்துக் கட்ட யார் இருக்கிறார்கள்? பழைய வண்டிக்கு எண் பொறித்த இயந்திரமே உயிர். கட்டுமரத்துக்கு அந்தக் கட்டே உயிர். கயிறு எங்கே தொடங்குகிறது, எத்தனை சுற்று, எந்த முடிச்சை ஈரத்தில் இறுக்க வேண்டும், எதைக் காய்ந்தபின் இறுக்க வேண்டும் என்பதெல்லாம் அறுபது, எழுபது வயதைக் கடந்த கைகளில் இருக்கின்றன. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இயந்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சேர்ப்பார்கள். மரம் கட்டத் தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் அவர்களுக்கு நேரவில்லை.

கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் அங்கே போவதாக இருந்தால் ஓர் அளவு நாடாவும் கோடு போட்ட நோட்டுப் புத்தகமும் கொண்டு போங்கள். மரத்தின் நீளம், ஒவ்வொரு கட்டையின் அகலம், சீவிய வளைவு, கயிற்றின் சுற்று ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, கட்டுகிறவரைக் கட்டச் சொல்லி, ஒவ்வொரு நிலையிலும் படம் எடுங்கள். கட்டியவர் பெயரை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். அவருடைய ஒரு நாள் வேலை கெட்டதற்குக் கூலியும் கொடுத்துவிடுங்கள். விடியற்காலையில் போனால் எல்லோரும் கடலில் இருப்பார்கள். முற்பகலில் போங்கள், பொன்னேரியிலிருந்து பஸ் உண்டு.